வேருக்கும் பூஞ்சைக்கும் நடுவே ஹார்மோன்: இரண்டு தொட்டிகளில் ஒரு சோதனை

மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தால் செடி ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோனை வேர் வழியாக அதிகமாகக் கசியவிடும். வேருக்குள் புகுந்து செடிக்கு மணிச்சத்து தரும் வேம் (VAM) பூஞ்சை பக்கத்தில் இருந்தால், அதை உணர்ந்ததும் தாறுமாறாகக் கிளைவிடும். வேரைத் தொடும் வாய்ப்பு கூடும். மணிச்சத்து தாராளமாக இருந்தால் கசிவு குறையும், பூஞ்சையும் அவ்வளவாக உள்ளே வராது. கூப்பிடுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் செடியின் முடிவுதான். இதன் விளைவை நீங்களே பார்க்கலாம்.

1. செடி. வெங்காயம் எடுங்கள். வேர் தடிமன், கிளைகள் குறைவு, சாயம் ஏற்றினால் உள்ளே தெளிவாகத் தெரியும். கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கி, கீரை வகையில் பாலக், பீட்ரூட் எதுவும் வேண்டாம். அவை இந்தப் பூஞ்சையோடு சேராதவை.

2. தொட்டி. ஆவியில் வேகவைத்து ஆறிய மணலை இரண்டு தொட்டிகளில் நிரப்புங்கள். விதைக்குக் கீழே, வேர் படும் இடத்தில் வேம் உயிர் உரத்தைப் போடுங்கள். தழைச்சத்தும் சாம்பல் சத்தும் இரண்டுக்கும் ஒரே அளவு. ஒன்றுக்கு மட்டும் மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட். இதில் கை தவறினால் சோதனையே வீண், அதனால் தொட்டிகளில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். அப்புறம் ஆறிலிருந்து எட்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

3. சாயம். இதுதான் கவனம் தேவைப்படும் கட்டம். மெல்லிய வேர்களைக் கழுவி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, கொதிநீரில் வைத்துச் சூடாக்குங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். கரைக்கும்போது தண்ணீரில்தான் அதைப் போட வேண்டும், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. வேர் கண்ணாடி போல் ஆனதும் பலமுறை அலசி, 5% கறுப்பு பேனா மை கலந்த வினிகரில் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு, சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் இருபது நிமிடம் ஊறட்டும். மிச்ச மை வெளியேறி, பூஞ்சை மட்டும் கருநீலமாகவோ கறுப்பாகவோ நிற்கும்.

4. பார்ப்பது. நுண்ணோக்கியில் முதலில் 100 மடங்கு, பிறகு 400. வேரின் நீளவாக்கில் ஓடும் இழைகள் தெரியும். செல்லுக்குள் பொடிப்பொடியாகக் கிளைத்த கொத்துகள் இருக்கிறதா பாருங்கள். ஆர்பஸ்கூல் என்பது அதுதான். பூஞ்சை மணிச்சத்தைக் கொடுப்பது அங்கேதான். ஒவ்வொன்றும் சில நாள்தான் வாழும். எத்தனை துண்டுகளில் பூஞ்சை இருக்கிறது என்று எண்ணி இரண்டு தொட்டிகளையும் ஒப்பிடுங்கள். சூப்பர் பாஸ்பேட் போட்டதில் குறைவாக இருக்க வேண்டும்.

ஹார்மோன் கண்ணுக்குத் தெரியாது, தெரிவது அதன் விளைவுதான். மணிச்சத்து வேறு வழிகளிலும் பூஞ்சையைத் தடுக்கிறது, அதனால் எல்லாம் ஸ்ட்ரைகோலாக்டோனால்தான் என்று இந்த இரண்டு தொட்டிகளை வைத்துச் சொல்லிவிடாதீர்கள்.

இந்தக் குடும்பத்துச் சேர்மம் ஒன்று 1966-லேயே பருத்தி வேர்க் கசிவில் கிடைத்தது, சுடுமல்லி என்ற வேர் ஒட்டுண்ணிக் களையின் விதையை முளைக்க வைக்கும் பொருளாக. செடி தன்னைக் காட்டிக் கொடுக்கும் பொருளை ஏன் கசிய வேண்டும் என்ற புதிர் 2005-ல்தான் விடுபட்டது: ஜப்பானில் கோகி அகியாமா குழு, அது பூஞ்சையைக் கிளைவிட வைப்பதைக் காட்டியது. அழைப்பு பூஞ்சைக்கு, ஒட்டுண்ணியும் அதைக் கேட்டுவிடுகிறது. இதே பொருள் செடிக்குள் தண்டின் பக்கக் கிளைகளைத் தடுக்கும் ஹார்மோன் என்பது 2008-ல் தெரிந்தது.

5. விருப்பமிருந்தால் மூன்றாவது தொட்டி. மணிச்சத்து இல்லாமல், ஜிப்ரலின் வகை ஹார்மோனான ஜிப்ரலிக் அமிலம் மட்டும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீரில் எளிதில் கரையாது. கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்து, பிறகு நீரில் கலந்து வேருக்கு ஊற்றுங்கள். மற்ற தொட்டிகளுக்கும் அதே அளவு ஆல்கஹால் கலந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆர்பஸ்கூல் உருவாக டெல்லா என்ற புரதங்கள் தேவை. ஜிப்ரலின் அவற்றைச் சிதைத்துவிடும். பட்டாணியிலும் நெல்லிலும் ஜிப்ரலின் ஆர்பஸ்கூல்களைக் குறைப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதனால் இந்தத் தொட்டியில் இழைகளையும் கொத்துகளையும் தனித்தனியாக எண்ணுங்கள்.