இஃப் எழுதுவதா, மேட்ச் எழுதுவதா: ஓகேமலில் ஒரு செய்முறை

ஓகேமல் (OCaml) என்ற நிரல்மொழியை நிறுவி, ஓரிரு செயற்கூறுகளை எழுதிப் பார்த்தவர்களுக்கான குறிப்பு இது. சோதித்துப் பார்க்க மொழியோடு வரும் வெறும் ஷெல்லைவிட, தனியாக நிறுவிக்கொள்ளும் யூடாப் (utop) என்ற ஷெல் எவ்வளவோ மேல். எடுத்துக்காட்டாக, தெரிந்த மளிகைக் கடைக்காரருக்கு நான் எழுதிக் கொடுத்த பில் நிரலையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், நீங்கள் கேட்கும் கேள்வி எதைப் பற்றியது என்று பாருங்கள். தொகை 500 ரூபாயைத் தாண்டியதா என்பது அளவைப் பற்றிய கேள்வி. அதற்கு, நிபந்தனை சரியா என்று மட்டும் பார்க்கும் இஃப் (if) போதும். மதிப்பின் வடிவத்தைப் பார்த்துக் கிளை பிரிக்கும் மேட்சை (match) இங்கே போட்டு ட்ரூ, ஃபால்ஸ் என்று பிரிப்பது வீண் வேலை. வாடிக்கையாளர் ரொக்கமாகத் தந்தாரா, அட்டையிலா, யூபிஐயிலா என்பது மதிப்பின் வடிவத்தைப் பற்றிய கேள்வி. அட்டைக்குள் கடைசி நான்கு இலக்கங்கள் இருக்கும், யூபிஐக்குள் முகவரி இருக்கும், ரொக்கத்துக்குள் ஒன்றும் இருக்காது. எந்த வகை என்று பார்ப்பதையும் உள்ளிருப்பதை எடுத்துத் தருவதையும் மேட்ச் சேர்த்தே செய்துவிடுகிறது.

அடுத்து ஆப்ஷன் வகை: மதிப்பு இருந்தால் சம் (Some), இல்லாவிட்டால் நன் (None). நன் இல்லை என்று இஃபில் உறுதி செய்துகொண்டு, பிறகு ஆப்ஷன்.கெட் மூலம் மதிப்பை எடுக்கலாம்தான். ஆனால் பின்னொரு நாள் யாராவது அந்தச் சோதனையை நீக்கிவிட்டாலும் நிரலைத் தொகுக்கும் கம்பைலர் வாய் திறக்காது, நிரல் ஓடும்போதுதான் விழும். மேட்சில் சம் என்ற கிளைக்குள் மட்டுமே மதிப்புக்குப் பெயர் கிடைக்கும் என்பதால் அந்தத் தவறுக்கு வழியே இல்லை.

இனி, என்னை ஒரு மாலை முழுவதும் உட்கார வைத்த இடத்துக்கு வருகிறேன். உள்ளூருக்கு டெலிவரி இலவசம், வெளியூருக்கு 60 ரூபாய். உள்ளூர்ப் பின்கோடை ஒரு மாறியில் வைத்துவிட்டு இப்படி எழுதினேன் (சொற்களை இங்கே தமிழில் தந்திருக்கிறேன்):

மேட்ச் பின்கோடு வித்
| உள்ளூர்_பின் -> 0
| _ -> 60

எந்த ஊர்ப் பின்கோடைக் கொடுத்தாலும் விடை 0. காரணம், மேட்சின் கிளையில் வரும் சிறிய எழுத்துப் பெயர் ஏற்கெனவே உள்ள மாறியோடு ஒப்பிடப்படுவதில்லை. அதே பெயரில் புதிய மாறி ஒன்று பிறந்து, வந்த மதிப்பு எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது கிளை பயன்படவே இல்லை என்று கம்பைலர் எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது, நான் படிக்கவில்லை. மாறியோடு ஒப்பிட வேண்டுமானால் இஃப் எழுதுங்கள், அல்லது கிளையில் வென் (when) என்ற கூடுதல் நிபந்தனையைச் சேர்த்து அங்கே சமமா என்று கேளுங்கள். (எலிக்ஸிர் என்ற வேறொரு நிரல்மொழியில் இதற்கென்றே ^ குறி உண்டு, ஓகேமலில் இல்லை.) ஓகேமல் நிரல்களைத் தொகுக்க உதவும் டியூன் (dune) என்ற கருவியை வைத்துத் தொகுத்தால், வழக்கமான டெவ் அமைப்பில் இந்த எச்சரிக்கை பிழையாகவே மாறி உங்களை நிறுத்திவிடும், அதனால்தான் சின்ன நிரலுக்கும் டியூனையே பரிந்துரைக்கிறேன்.

கடைசிக் கிளையாக, எதையும் ஏற்கும் அடிக்கோடு (_) போடும் பழக்கத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் நான்காவதாகக் கடன் கணக்கு கேட்டபோது, அடிக்கோடு இல்லாத இடங்களையெல்லாம் கம்பைலரே வரிசையாகக் காட்டியது. அடிக்கோடு போட்டிருந்த ஒரே செயற்கூறு மட்டும் கடனை ரொக்கமாகக் கணக்கிட்டது.

பின்சேர்க்கை: ஒரு கிளைக்கு 0-க்கு மேல், மறு கிளைக்கு 0 அல்லது அதற்குக் கீழ் என்று இரண்டிலும் வென் போட்டும் கிளைகள் முழுமையாக இல்லை என்று எச்சரிக்கை வருவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். வென்னுக்குள் இருக்கும் கணக்கைக் கம்பைலர் ஆராய்வதில்லை. கடைசிக் கிளையில் வென்னை எடுத்துவிட்டால் எச்சரிக்கை போய்விடும். எல்லாக் கிளையிலும் வென் தேவைப்படுகிறது என்றால் அது இஃப் எழுத வேண்டிய இடம்.