மெட்ராஸ் ஐ வந்தால் என்ன செய்வது, எதைத் தொடக்கூடாது

ஒரு கண் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தி, தண்ணீராகக் கொட்டும். ஓரிரு நாளில் அடுத்த கண்ணுக்கும் தாவும். காதுக்கு முன்புறம் தொட்டால் வலிக்கிற சின்ன வீக்கமும் இருந்தால் பெரும்பாலும் அடினோ வைரஸ்தான். மஞ்சளாகச் சீழ் துடைக்கத் துடைக்க வந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். இரண்டு கண்ணிலும் அரிப்புதான் அதிகம் என்றால் அலர்ஜியைச் சந்தேகிக்கலாம்.

ஆன்டிபயாடிக் சொட்டு இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு அதைவிட மோசம். சிவப்பு சட்டென்று குறையும். ஆனால் வந்தது ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் கருவிழியில் புண் பரவிவிடும். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன் என்று இருந்தால் டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு இரண்டும் வேண்டாம்.

காலையில் ஒட்டிக்கொண்ட இமையைப் பிய்க்காதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒரு நிமிடம் இமைமேல் வையுங்கள், பீளை ஊறிவிடும். பிறகு மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது எடுங்கள். நல்ல கண்ணை முதலில் துடையுங்கள். உறுத்தலுக்குக் குளிர்ந்த ஈரத்துணி 5 முதல் 10 நிமிடம், தினம் 4 முறை செயற்கைக் கண்ணீர் சொட்டு. பாட்டில் நுனி இமைமுடியில் பட்டால் மருந்தே நோயைப் பரப்பும், ஆகவே ஆளுக்கொரு பாட்டில்.

பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. கூலிங் கிளாஸ் வெளிச்சத்தில் கண் கூசாமல் இருக்கத்தான், தொற்றைத் தடுக்காது. கண்ணைத் தொட்ட கைதான் துண்டு, குழாய், செல்போன் என்று பரப்புகிறது. அங்கே வைரஸ் பல நாள் உயிரோடிருக்கும். சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். அடினோ வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, அதனால் ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்தால் தண்ணீரோடு போய்விடும். துண்டு, தலையணை உறை தனியாக வைத்து, தினமும் வெந்நீரில் துவையுங்கள். கண்மையைத் தூக்கிப் போடுங்கள். குணமாகும்வரை கான்டாக்ட் லென்ஸ் கூடாது.

முதல் 4, 5 நாள் கூடிவிட்டு, ஒன்று முதல் மூன்று வாரத்தில் அடங்கும். கண்ணில் நீர் வடிகிறவரை பள்ளி, ஆபீஸ் வேண்டாம்.

குத்துகிற வலி, வெளிச்சத்தில் கண் திறக்க முடியாமை, சிமிட்டினாலும் தெளியாத மங்கல், இமையோரக் கொப்புளம் இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களும், பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தையும் அறிகுறி முற்றும்வரை காத்திருக்கக் கூடாது.