அப்பா கதை எழுதப்போகிறீர்களா? முதலில் அவரைக் காப்பாற்றுவதை நிறுத்துங்கள்

மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில், தனியாக இருக்கும் அப்பா அவர்களோடு மறுபடி ஒட்டப் பார்க்கிறார். முதல் திரைக்கதை எழுத உட்காருகிறவர்கள் அடிக்கடி கையில் எடுக்கும் ஒன்லைன் (ஒரு வரிக் கதைச் சுருக்கம்) இது. சுலபமாகத் தெரியும், ஏனென்றால் பாதி வேலையை நரைமுடியே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை.

இதில் பெரிய தவறு அப்பாவைத் தெய்வமாக்குவது. அவர் உழைத்தார், தேய்ந்தார், பிள்ளைகள் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான் கதை என்றால் அவருக்குத் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை, கிளைமாக்ஸில் பிள்ளைகள் வரிசையாக வந்து அழுவதைத் தவிர வேறு எதுவும் நடக்கவும் முடியாது. பிரிவில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கவேண்டும். அது என்ன என்று தெரியாமல் முதல் சீனை எழுதாதீர்கள்.

2009-ல் கிர்க் ஜோன்ஸ் இயக்கிய 'எவ்ரிபடிஸ் ஃபைன்' படத்தைப் பாருங்கள் (கதை முழுவதையும் உடைக்கப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்). ராபர்ட் டி நீரோ நடிக்கும் அப்பா ஆயுள் முழுக்க டெலிபோன் கம்பிக்கு மேலுறை போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருவதாகச் சொன்ன பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, டாக்டர் பேச்சைக் கேட்காமல் ரயிலும் பஸ்ஸுமாக அவரே கிளம்பிவிடுகிறார். இசைக்குழுவை நடத்துகிறான் என்று நினைத்த மகன் அதில் தாளவாத்தியம் வாசிக்கிறான், ஒரு மகளின் திருமணம் முறிந்திருக்கிறது, இன்னொரு மகளின் பெரிய வீடு அவளுடையதே அல்ல. எல்லோரும் பொய் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஏன்? சாதிக்கவேண்டும் என்று விரட்டி விரட்டி வளர்த்தவர் இவர், அதனால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்ன பிள்ளைகள் அப்பாவுக்கு நல்ல செய்தியை மட்டும் வடிகட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொய்க்கு விதை போட்டது அவரே. அவர் உறை போட்ட அதே மாதிரிக் கம்பிகள் வழியாகத்தான் பிள்ளைகள் அவரிடம் எதை மறைப்பது என்று பேசிக்கொள்கிறார்கள், திரையில் கம்பிகள் ஓட அந்தக் குரல்கள் கேட்கும்போது தனியாக ஒரு வசனம் தேவைப்படவில்லை.

இதே படம் ஒரு இடத்தில் சறுக்கவும் செய்கிறது. விமானத்தில் மாரடைப்பு, ஆஸ்பத்திரிக் கட்டில், சுற்றிலும் பிள்ளைகள். ஐசியூ வாசலில் எல்லோருமே நல்லவர்கள்தான், அங்கே கிடைக்கும் மன்னிப்புக்கு மதிப்புக் குறைவு. உங்கள் கதையில் அந்தக் கட்டிலை எடுத்துவிட்டு யோசியுங்கள்: அப்போதும் இவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவார்களா? மாட்டார்கள் என்றால் கதை இன்னும் முடியவில்லை.

அப்பாவின் குறையைக் காட்ட நீளமான பிளாஷ்பேக்கும் வேண்டாம். ஜுசெப்பே டோர்னடோரே 1990-ல் எடுத்த, இதன் இத்தாலிய மூலப் படத்தில் அப்பா தன் ஐந்து பிள்ளைகளுக்கும் ஓபரா பாத்திரங்களின் பெயரை வைத்திருப்பார். தொட்டிலிலேயே ஏற்றிவைத்த எதிர்பார்ப்பு, ஒரே தகவலில் முடிந்தது.

அடுத்தது, அப்பா தெய்வமானால் பிள்ளைகள் தானாகவே அரக்கர்கள் ஆகிவிடுவார்கள், முக்கியமாக மருமகள் (நம் ஆட்களுக்கு மருமகளைத் திட்டாமல் பேனா நகராது). ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' 1953-ல் வந்தது, வயதான பெற்றோர் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் கதை. பெற்றோரை வெளியே கூட்டிப்போக டாக்டர் மகன் தயாராக நிற்கும்போது ஒரு நோயாளிக் குழந்தைக்காகக் கூப்பிட்டுவிடுகிறார்கள், திட்டம் ரத்து. அவன் என்ன செய்வான்? பியூட்டி பார்லர் நடத்தும் மகள் கொஞ்சம் கடுகடுப்புதான், ஆனால் அப்பா ஒரு ராத்திரி நண்பர்களோடு குடித்துவிட்டு வரும்போது அவள் எரிச்சலில் பழசைக் கொட்டுகிறாள்: முன்பெல்லாம் இப்படித்தான் குடித்துவிட்டு வருவார், அம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல, கடைசித் தங்கை பிறந்தபிறகுதான் நிறுத்தினார். அதுவரை சாதுவாகப் பார்த்த மனிதரை அதற்குப் பிறகு வேறு மாதிரிப் பார்க்கிறோம். அவரிடம் மிக அன்பாக நடப்பது போரில் இறந்த மகனின் மனைவி. அம்மா இறந்தபிறகு அவளுக்கு அந்த மாமியாரின் கைக்கடிகாரத்தைக் கொடுத்து, மறுமணம் செய்துகொள் என்கிறார். பெற்ற பிள்ளைகளோ சாவு வீட்டுக்கு வந்து சடங்கு முடிந்ததும் ஊர் திரும்பிவிட்டார்கள். கட்டிப்பிடித்து அழுகிற சமாதானம் படத்தில் எங்குமே இல்லை.

அப்புறம் அந்த நடுங்கும் கை, இருமல், கூன். தயவுசெய்து வேண்டாம். இந்தப் படத்தில் எழுபதை ஒட்டிய கிழவராக வரும் சிஷு ரியூவுக்கு அப்போது வயது 49. தொடக்கத்தில் பயணத்துக்கு மூட்டை கட்டும்போது காற்றுத் தலையணையைக் காணோம், உன்னிடம்தான் கொடுத்தேன் என்று மனைவியிடம் சாதிக்கிறார், பார்த்தால் அவர் பையிலேயே இருக்கிறது. நடிகரிடம் இருமச் சொல்வதற்கு முன்னால் அந்த மாதிரி ஒரு சீனை எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.