மைதீன் என்ற பெயரைச் சுற்றி வரும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நின்று "மைதீன் பாய்!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பேராவது திரும்புவார்கள். ஒருவருடைய அடையாள அட்டையான மைகார்டில் 'மொஹிதீன்' என்று இருக்கும், இன்னொருவருக்கு 'மைடின்', அவருடைய மச்சானுக்கு 'முகைதீன்'. எல்லாம் ஒரே பெயர் என்று ஊருக்குத் தெரியும். அலுவலக முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. இந்தப் பெயரைப் பற்றிய குழப்பங்களில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெயரின் அரபு வடிவம் முஹ்யித்தீன். முஹ்யீ என்றால் உயிர் கொடுப்பவர், புத்துயிர் ஊட்டுபவர். தீன் என்றால் மார்க்கம். நம் வீடுகளில் "ஹயாத்தோட இருக்கும்போதே செஞ்சுடணும்" என்பார்களே, உயிர் என்று பொருள்படும் அந்த ஹயாத்தும் இந்த முஹ்யீயும் ஒரே வேர். நடுவில் வரும் 'அல்' அடுத்த எழுத்தோடு கரைந்து, முஹ்யி அல்-தீன் என்பது முஹ்யித்தீன் ஆகிறது. தமிழ் நாக்கில் ஹகரம் தேய்ந்து முகைதீன், முகையதீன், மொய்தீன், மைதீன் என்று இறங்கிவந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'மை'யையும் 'தீனி'யையும் சேர்த்துக் கிண்டல் செய்வதற்கு இந்தத் தேய்மானம்தான் வழிவிட்டது. அதை விடுங்கள்.

முதல் தவறு, இதை மொய்னுத்தீனோடு போட்டுக் குழப்புவது. மொய்னுத்தீன், அதாவது முயீனுத்தீன், மார்க்கத்துக்கு உதவுபவர் என்று பொருள்படும் வேறு பெயர். அஜ்மீரில் 1236-இல் மறைந்த காஜா முயீனுத்தீன் சிஷ்தியின் பெயர் அது. மொய்தீன் பக்தாதில் அடங்கிய பெரியவர் ஒருவரோடு சேர்ந்தது (அவர் யார் என்று பிறகு சொல்கிறேன்), மொய்னுத்தீன் அஜ்மீரோடு சேர்ந்தது. நடுவில் ஒரு 'னு' தவறினால் பாட்டனார் நேர்ந்துகொண்ட பெயர் ஊர் மாறிவிடும். இன்னொரு ஆபத்து மலேசியாவுக்கே உரியது. இங்கே முகமது என்பதை 'மொஹ்ட்' என்று சுருக்கி எழுதும் வழக்கம் உண்டு. கேட்டு எழுதுபவர் அவசரத்தில் இருந்தால் மொஹிதீனை 'மொஹ்ட்', 'டின்' என்று இரண்டாக உடைத்துவிட இடமிருக்கிறது. அச்சான தாளைக் கையில் வாங்கியதும் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

அடுத்தது, இது குர்ஆனில் வரும் பெயர், நபித்தோழர் ஒருவரின் பெயர் என்று சொல்வது. இணையத்தில் பெயர்ப் பட்டியல் போடுபவர்கள் இதைத் தாராளமாக அள்ளி வீசுகிறார்கள். குர்ஆனின் 30-ஆம் அத்தியாயம் 50-ஆம் வசனத்தில் இறந்தோரை உயிர்ப்பிப்பவன் என்று இறைவனைக் குறித்து முஹ்யீ என்ற சொல் வருகிறது. ஆனால் முஹ்யித்தீன் என்று ஒரு மனிதரின் பெயர் அங்கே கிடையாது. நபிகள் காலத்து அரபிகள் இப்படிப் பெயர் வைக்கவும் இல்லை. '-உத்தீன்' என்று முடிபவை பிற்காலத்தில் ஆட்சியாளர்களுக்கும் அறிஞர்களுக்கும் கொடுத்த பட்டங்கள். சலாஹுத்தீனின் இயற்பெயர் யூசுப், சலாஹுத்தீன் என்பது பட்டம். பட்டம் நாளடைவில் பெயராகி, பிறந்த குழந்தைக்கே சூட்டும் அளவுக்கு வந்தது. முகலாயர் ஔரங்கசீப்பின் பெயர்கூட முஹியுத்தீன் முஹம்மது என்றுதான் இருந்தது.

இந்தப் பட்டத்தைத் தாங்கிய அறிஞர்கள் பலர். 1240-இல் மறைந்த இப்னு அரபி ஒருவர். இமாம் நவவி இன்னொருவர். நவவிக்கோ தம்மை அப்படி அழைப்பது பிடிக்கவில்லை என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மார்க்கத்துக்கே உயிர் கொடுத்தவன் என்று சொல்லிக்கொள்ள அவருடைய பணிவு இடம்தரவில்லை. குழந்தைக்கு வைக்கலாமா கூடாதா என்று இன்று நடக்கும் வாக்குவாதத்துக்கு இதையும் இழுக்கிறார்கள். வைக்கவே கூடாது என்று அடித்துச் சொல்வதும் தவறு, அப்படி ஒரு தயக்கமே இருந்ததில்லை என்பதும் தவறு. வைக்க நினைப்பவர் தம் ஜமாஅத்து மார்க்க அறிஞரான ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் தமிழ் முஸ்லிம் வீட்டுக்கு இந்தப் பெயர் இப்னு அரபி வழியாகவோ நவவி வழியாகவோ வரவில்லை. வந்தது ஒரே ஒருவர் வழியாக: அப்துல் காதிர் ஜீலானி. காஸ்பியன் கடலுக்குத் தெற்கே கீலான் பகுதியில் பிறந்து, பக்தாதில் போதித்து, 1166-இல் அங்கேயே அடங்கியவர். நம்மவர்கள் சொல்லும் முகைதீன் ஆண்டவர் இவர்தான். வழியில் நோயாளியாகக் கிடந்த முதியவரை இவர் கைகொடுத்துத் தூக்க, அவர் திடமாக எழுந்து நின்று, "நான்தான் மார்க்கம், நீ எனக்கு உயிர் கொடுத்தாய்" என்று சொல்லி முஹ்யித்தீன் என்று அழைத்ததாக ஒரு கதை வழங்குகிறது. கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம்.

இதைத் தெரிந்துகொண்டால் இன்னொரு தவறு தானாக விலகும். 'காதர் மைதீன்' என்ற பெயரைப் பார்த்து, இரண்டு பெரியவர்களின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவர்தான். காதர் அவரது இயற்பெயரின் பாதி, மைதீன் பட்டம், ஜெய்லானி பிறந்த நாட்டைச் சொல்வது, கௌஸ் இன்னொரு பட்டம். நான்கு அண்ணன் தம்பிகளுக்கு இந்த நான்கையும் வைத்த வீடு நான்கு பிள்ளைகளுக்கும் அந்த ஒருவரின் பெயரையே வைத்திருக்கிறது. மைதீன் பாத்து என்று பெண்பிள்ளைக்கும் ஒட்டி வைத்தார்கள். பாசம் அப்படி. காதரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அப்துல் காதிர் என்றால் ஆற்றலுடையவனின் அடியான். அப்துலை வெட்டிவிட்டுக் காதிர் என்று மட்டும் கூப்பிடக் கூடாது என்று ஆலிம்கள் சொல்வது அதனால்தான். சொல்லிச் சொல்லி அலுத்ததுதான் மிச்சம், காதர் பாய் இன்றும் காதர் பாய்தான்.

மைதீன் என்பது தமிழகத்தை விட்டு வந்தவர்கள் அண்மையில் கொண்டுவந்த பெயர், மலாய்க்காரர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பேசுவதையும் கேட்டிருக்கிறேன். பினாங்கில் 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவிய தலைவரின் பெயர் காதர் மைதீன். சுங்கை சிப்புட்டைச் சுற்றி ரப்பர் நடுவதற்கு எவ்வளவோ காலம் முந்தியது அது. 2020 மார்ச் முதல் 2021 ஆகஸ்ட் வரை பிரதமராக இருந்த முஹிடின் யாசினின் பெயரும் இதே முஹ்யித்தீன்தான். நாம் அரிசியும் துணிமணியும் வாங்கப் போகும் மைடின் பேரங்காடியின் பெயர், 1957-இல் கோத்தா பாருவில் சிறு கடையாகத் தொடங்கிய நிறுவனரின் பெயர். பிரதமரின் பெயரும் பேரங்காடியின் பெயரும் ஒன்று என்று சொன்னால் ஊரில் இன்னும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள்.

என் கண்ணில் பட்டவரை இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்கு மைதீன் என்று வைப்பது அருகிவிட்டது. சின்னதாக, நவீனமாக ஒலிக்கும் பெயர்களையே இளம் பெற்றோர் தேடுகிறார்கள். பெரியவர்களின் பெயரில் நேர்ச்சை வைப்பதை ஏற்காதவர்களும் ஊரில் பெருகிவிட்டார்கள். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம்தான் இதை இன்னும் தாங்கிப் பிடிக்கிறது.

அப்படி வைக்கும் வீட்டில்தான் கடைசித் தவறும் நடக்கிறது. தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். கடைசி வாரத்தில் ஓடி, படித்த மருமகன் ஒருவர், "மைடின் என்பது தப்பான எழுத்து, நான் சரியாக எழுதுகிறேன்" என்று பாரத்தை வாங்கி நிரப்புவார். குழந்தையின் பெயரை முஹ்யித்தீன் என்று சுத்தமாக எழுதுவது அவர் இஷ்டம், நல்லதும்கூட. ஆனால் மகன் என்று பொருள்படும் 'பின்' என்பதற்குப் பின்னால் வரும் தகப்பனார் பெயரில் கை வைக்கக் கூடாது. அது அவருடைய மைகார்டில் எப்படி இருக்கிறதோ, ஒரு எழுத்து கூடாமல் குறையாமல் அப்படியே வரவேண்டும். கடப்பிதழ், ஹஜ் கணக்கு, சேமநிதி, நாளைக்குச் சொத்துப் பிரிப்பு, எல்லாமே தகப்பனையும் பிள்ளையையும் அந்த எழுத்துகளை வைத்துத்தான் இணைக்கின்றன. ஏற்கெனவே மாறிப்போயிருந்தால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் பத்திரம் எழுதச் சொல்வார்கள். அந்தப் பத்திரத்தின் மூலப்படியை வீட்டில் வைத்துக்கொண்டு, கேட்கும் இடத்தில் முதலில் நகலைக் காட்டுங்கள்.