போட்டோகிராபிக்கு எந்தக் கல்லூரி?

நான் கல்யாண போட்டோகிராபர். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் அப்பாக்கள் மண்டபத்திலேயே இதைக் கேட்பார்கள். முதலில் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பு என்றால் விளம்பரம், அனிமேஷன், எடிட்டிங் எல்லாம் கலந்து வரும். போட்டோகிராபிக்குக் கொஞ்சம்தான் இடம். அது மட்டுமே வேண்டுமென்றால் ஹைதராபாத் ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.ஏ.எஃப்.ஏ.யு.) 4 ஆண்டு பி.எஃப்.ஏ., அதாவது இளங்கலை நுண்கலைப் பட்டம், உண்டு. சினிமா ஒளிப்பதிவுக்குத் தரமணி அரசு திரைப்படக் கல்லூரி. குஜராத் காந்திநகரில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (NID) இருப்பது போட்டோகிராபி முதுகலை, அது அப்புறம்.

சரி, கல்லூரிக்கு நேரில் போங்கள். ஸ்டுடியோவில் எத்தனை ஃபிளாஷ், கேமராவை வெளியே எடுத்துப்போக விடுவார்களா என்று கேளுங்கள். கடைசி ஆண்டு மாணவர்களின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் பூவும் சூரிய அஸ்தமனமுமாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான். ஒரு முகத்துக்கு லைட் வைக்கத் தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கட்டணத்தோடு லென்ஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.