பிக்கப்பின் மூக்கைத் தூக்கும் முன்: லெவலிங் கிட் தேர்வில் நடக்கும் தவறுகள்

காலியாக நிற்கும் பிக்கப்பைப் பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு தாழ்ந்தும் பின்புறம் தூக்கியும் இருக்கும். பல வண்டிகளில் இந்தச் சரிவு 1.5 முதல் 3 அங்குலம் வரை வரும். பின்னால் சுமை ஏறியதும் வண்டி மட்டமாக நிற்க வேண்டுமே என்று தொழிற்சாலையிலேயே விட்டுவைத்த கணக்கு அது. முன்புறத்தை உயர்த்தி அந்தச் சரிவைக் குறைப்பதுதான் லெவலிங் கிட்டின் வேலை. மாட்டிய பிறகு வரும் சத்தம், டயர் தேய்மானம், கிழிந்த பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) எல்லாம் பெரும்பாலும் வாங்கும்போது செய்த தவறுக்குக் கட்டும் வட்டி.

அளக்காமல் வாங்குவது

பெட்டியில் போட்டிருக்கும் "2 அங்குலம்" உங்கள் வண்டியை அளந்து எழுதியதல்ல. சமதரையில் நிறுத்தி, நான்கு டயருக்கும் சரியான காற்றடித்து, வழக்கமாக ஏற்றும் கருவிகளோடு அளக்க வேண்டும். அதற்கு முன் வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங்குகளை அமரவிடுங்கள்.

மட்கார்டு உயரத்தை மட்டும் முன்னும் பின்னும் ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். இரண்டு வளைவுகளும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. சேஸின் நேரான நடுப்பகுதியில் இரண்டு இடங்களைக் குறித்து, தரையிலிருந்து அவற்றின் உயரத்தை அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே 2 மீட்டர், வித்தியாசம் 1 அங்குலம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3.6 மீட்டர் என்றால் உண்மையான சரிவு 1.8 அங்குலம். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையிலான அளவையும் நான்கு மூலைகளிலும் குறித்து வைத்துக்கொண்டால், வேலை முடிந்த பிறகு ஒப்பிட உதவும்.

சரிவு முழுவதையும் அழித்துவிட வேண்டியதில்லை. டிரெய்லர் இழுப்பவரும் அடிக்கடி சுமை ஏற்றுபவரும் அரை முதல் ஒரு அங்குலம் வரை மிச்சம் வைப்பதே சரி. இல்லாவிட்டால் சுமை ஏறியதும் வால் தாழ்ந்து மூக்கு மேலே போகும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். பின்புறம் சஸ்பென்ஷனுக்கு உதவும் காற்றுப் பை (ஏர்பேக்) பொருத்திச் சமாளிக்கலாம்தான்; ஆனால் வண்டியின் சுமைத் திறன் அதனால் ஒரு கிலோகூடக் கூடாது.

ஸ்பேசரின் தடிமனையே உயரம் என்று நினைப்பது

முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் வண்டிகளில் ஸ்பிரிங்கும் அதிர்வைத் தணிக்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி, சக்கரத்தைச் சேஸோடு இணைக்கும் கீழ் கன்ட்ரோல் ஆர்மின் நடுவாக்கில் உட்காரும். அது ஒரு நெம்புகோல் மாதிரி. மேலே 1 அங்குல ஸ்பேசர் (இடையில் வைக்கும் தடித்த வில்லை) வைத்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 2 அங்குலம் உயரும். இது தெரியாமல் 2 அங்குலத் தடிமனில் தேடி வாங்கினால் 4 அங்குலத்தை ஒட்டிப் போய்விடும். அந்த உயரத்துக்கு வெறும் ஸ்பேசர் போதாது. ஃபோர்டு எஃப்-250 ஃபோர்வீல் டிரைவ், ராம் 2500 மாதிரி முன்புறம் திட ஆக்ஸிலும் காயில் ஸ்பிரிங்கும் உள்ளவற்றில் தடிமனும் உயரமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே "எத்தனை அங்குல ஸ்பேசர்" என்று கேட்காமல் "சக்கரத்தில் எத்தனை அங்குலம் உயரும்" என்று கேட்டு வாங்குங்கள்.

உயரம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காதது

பெரிய தவறு இதுதான். கிட் மாட்டினால் சஸ்பென்ஷனின் பயணம் நீளாது. இருப்பதைத்தான் இடம் மாற்றுகிறோம். நிற்கும் நிலையிலிருந்து கீழே 4 அங்குலம் இறங்கக்கூடிய சக்கரம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கும் பிரிலோட் ஸ்பேசரால் 2 அங்குலம் உயர்த்தினால், பள்ளத்தில் இறங்க மிஞ்சுவது 2 அங்குலம். வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது 'டக்' என்று கேட்பது ஷாக் முழுதாக நீண்டு முட்டும் சத்தம். காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி (டார்ஷன் பார்) உள்ள வண்டிகளில் அதன் முனையிலுள்ள 'கீ' என்ற பிடியை மாற்றி அதிகம் முறுக்கினாலும் இதே கதைதான். ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்று பலர் சொல்வார்கள். உண்மையில் ஆர்ம் கீழ்த் தடுப்பை நெருங்கிவிட்டிருக்கும்.

ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஸ்பேசரில் சிக்கல் வேறு. ஸ்ட்ரட் அப்படியே கீழே தள்ளப்படுவதால், சக்கரம் தொங்கும்போது பழைய எல்லையைத் தாண்டி இறங்கும். மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசலாம், ஆர்மின் முனையிலுள்ள பால் ஜாயின்ட் தன் கோணத்தின் முடிவுக்குப் போகும், ஃபோர்வீல் வண்டியானால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் சிவி ஜாயின்ட் அதிகக் கோணத்தில் வளைந்து பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று தேயும். தடுப்பு ரப்பர் சேஸில் இருக்கும் வண்டிகளில் இன்னொன்றும் உண்டு: பெரிய குழியில் சக்கரம் மேலே ஏறும்போது, ரப்பர் தாங்குவதற்கு முன்பே ஷாக் உள்ளே முட்டிச் சேதமாகும். தொழிற்சாலை மேல் ஆர்மோடு 2 அங்குலம் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. 2.5-ஐத் தாண்டினால் புது மேல் ஆர்முக்கும் சேர்த்துச் செலவு எழுதுங்கள். இரண்டு வகை ஸ்பேசர்களையும் ஒன்றாகப் போட்டு உயரம் தேடுவது வேண்டவே வேண்டாம்.

திட ஆக்ஸிலை உயர்த்தினால், அதைச் சேஸோடு இணைக்கும் குறுக்குக் கம்பியான டிராக் பார் சரிந்து ஆக்ஸிலைப் பக்கவாட்டில் இழுக்கும், காஸ்டரும் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறையும். நீளம் மாற்றக்கூடிய டிராக் பார், காஸ்டரைச் சரிசெய்யும் பிராக்கெட் இரண்டும் கிட்டில் வருகின்றனவா என்று பாருங்கள்.

உங்கள் வண்டி எது என்று முழுதாகத் தெரியாமல் வாங்குவது

மாடல் பெயர் மட்டும் போதாது. ஆண்டு, டூவீல் டிரைவா ஃபோர்வீல் டிரைவா, எந்த டிரிம் (மாடலுக்குள் வரும் ரகம்) என்பது வரை வேண்டும். ஷெவர்லே சில்வராடோவின் டிரெயில் பாஸ் ரகம் தொழிற்சாலையிலிருந்தே 2 அங்குலம் உயர்ந்து வருகிறது; அதன் மேல் சாதா சில்வராடோவுக்கான ஸ்பேசரைப் போட்டால் கோணங்கள் எல்லாம் கைமீறிப் போகும். சில மாடல்களில் ஆர்ம் இரும்பா அலுமினியமா என்பதைப் பொறுத்துக் கிட்டே மாறும். ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். எலெக்ட்ரானிக் ஷாக் உள்ளவற்றில் உயர சென்சாருக்கான இணைப்பும் தேவைப்படலாம்.

ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் ஸ்பேசர் வாங்குவதே வீண். உயரத்தைப் படிப்படியாக மாற்றும் வசதியுள்ள ஷாக்குகள் கிடைக்கின்றன, பில்ஸ்டீன் 5100 அந்த வகை. ஷாக் மாற்றும் வேலையிலேயே லெவலிங்கும் முடியும்.

டயரை முதலில் வாங்கிவிடுவது

33 அங்குல டயர் உரசுமா என்பதை உயரத்தைவிட வீலின் ஆஃப்செட் (அது எவ்வளவு உள்ளேயோ வெளியேயோ தள்ளியிருக்கிறது என்பது) அதிகம் தீர்மானிக்கிறது. வீல் வெளியே தள்ளியிருந்தால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயர் பெரிய வட்டமடித்து மட்கார்டு லைனரில் படும். 31.5-லிருந்து 33-க்குப் போனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி சுமார் 105-ல் ஓடும்.

மாட்டும்போது

ஸ்ட்ரட்டைப் பிரிக்கத் தேவையில்லாத கிட்டை வீட்டிலேயே மாட்டலாம். பிரிலோட் ஸ்பேசருக்கு ஸ்பிரிங்கை அழுத்தியாக வேண்டும். நல்ல ஸ்பிரிங் கம்ப்ரசர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லாமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. கன்ட்ரோல் ஆர்ம் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி டார்க் (குறிப்பிட்ட விசை வரை இறுக்குவது). ஏபிஎஸ் வயரும் பிரேக் ஹோஸும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள்.

அன்றே அலைன்மென்ட். டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பினால் போதாது. காஸ்டர் எண்ணையும் அச்செடுத்து வாங்குங்கள். அது குறைந்திருந்தால் நெடுஞ்சாலையில் வண்டி அலையும், வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேராகாது. முன்புறம் 2 அங்குலம் ஏறினால் 25 மீட்டர் தூரத்தில் ஹெட்லைட் ஒளி சுமார் 35 செ.மீ. மேலே போகும், அதையும் இறக்குங்கள். முன் கேமராவோ ரேடாரோ இருந்தால் அவற்றுக்கும் காலிபரேஷன் தேவைப்படலாம். 800 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.