மூலவரும் உற்சவரும்: அன்றாட வாழ்வில் ஆன்மிகத்தைப் பழகும் முறை

திருநெல்வேலியில் தாமிரபரணிக்குள் பாறைமேல் அமைந்திருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை, பெருமழைக் காலங்களில் ஆறு மூடிவிடும். வெள்ளம் வரப்போகிறது என்று தெரிந்ததும், திருவிழாவில் வெளியே எடுத்துவரும் சிலையான உற்சவரையும் உண்டியலையும் கரைக்கு மேலே உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பாறையில் செதுக்கப்பட்ட, கருவறையை விட்டு நகராத மூலவர் மட்டும் தண்ணீருக்குள் அங்கேயே இருப்பார். சிறுவயதில் கரையில் நின்று அந்தச் சுழலைப் பார்த்துப் பயந்துபோய், சாமி என்ன ஆவார் என்று கேட்டேன். "அவரு எங்கயும் போவ மாட்டாருல. தண்ணி வந்துட்டுப் போவும்" என்றார் என் ஆச்சி. தனிமனித வாழ்வில் ஆன்மிகத்துக்கு என்ன வேலை என்று எவரேனும் கேட்டால், எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சொல்தான்.

ஆகவே முதலில், உங்கள் வழிபாட்டில் எது மூலவர், எது உற்சவர் என்று பிரித்துப் பாருங்கள். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர்வடம் பிடிப்பதும், பாபநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலம் வரை நவகைலாயங்கள் எனப்படும் ஒன்பது சிவன் கோயில்களைத் தரிசிப்பதும், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனாரிடம் போவதும் உற்சவரைச் சேர்ந்தவை. அவை மனத்தை நிறைப்பவை, விட்டுவிடக் கூடாதவை. ஆனாலும் உடம்புக்கு முடியாத வருடத்திலும் கையில் காசில்லாத வருடத்திலும் நின்றுபோகக் கூடியவை. அவையெல்லாம் நின்ற பிறகும் உங்களிடம் எது மிஞ்சுகிறதோ, அதுவே மூலவர். ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை ஒன்பது கைலாயங்களையும் வேனில் சுற்றிவிட்டு இரவு வீடு திரும்பிய நான், சோறு ஆறிப்போயிருந்தது என்பதற்காக மனைவியிடம் குரலை உயர்த்திப் பேசினேன். நெற்றியில் விபூதி அழியாமல் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் குழம்பைச் சூடாக்கப் போனபோது எனக்கு ஏற்பட்ட வெட்கத்திலிருந்துதான் இந்தத் தேடலே தொடங்கியது.

மூலவரை நிலைநிறுத்துவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கையால் செய்யக்கூடிய ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் செய்துவர வேண்டும். ஆச்சி சாயங்காலம் விளக்கேற்றும் விதம் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. முந்தைய நாள் திரியின் கருகிய நுனியை நகத்தால் கிள்ளி எடுப்பார். நல்லெண்ணெய் ஊற்றி, திரியைச் சற்று முன்னே இழுத்துவிட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயைத் தலைமுடியில் தடவிக்கொண்ட பிறகுதான் தீக்குச்சியை உரசுவார். சுடர் ஆடாமல் நிற்கும்வரை பேசமாட்டார். மொத்தமே ஐந்து நிமிடம் இருக்காது. ஆனால் அடுக்களையில் நடந்துகொண்டிருந்த சண்டைகூட அந்த நேரத்தில் தணிந்துவிடும். நீங்களும் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு இப்படித் தொடங்கலாம். தொடக்கத்தில் வேண்டுதல் எதையும் அடுக்காதீர்கள். சுடர் நிலைத்ததும், இன்று நான் யார் மனத்தை நோகடித்தேன் என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். விடை கிடைத்தால், அன்றைய இரவுக்குள் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

விளக்குதான் ஏற்ற வேண்டும் என்பதில்லை. பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவர் வீட்டில், இரவுச் சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் உட்பட அனைவரும் கூடிச் செய்யும் குடும்ப ஜெபம் ஒரு நாளும் தவறுவதில்லை. மேலப்பாளையத்தில் என்னோடு வேலை பார்த்தவர், எவ்வளவு பிந்திப் படுத்தாலும் சுபுஹு என்னும் விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்துவிடுவார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர், விடியற்காலையில் வாய்க்கால் கரையில் பேசாமல் நடந்துவரலாம்.

சடங்குகளைச் செய்யும்போது, அதனால் யாருக்கு, எதற்குத் தீங்கு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாவம் கழியும் என்று பாபநாசத்தில் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவருகிறவர்கள் ஏராளம். படித்துறைக்குக் கீழே கால் வைத்தால் ஊறிப்போன சேலையும் வேட்டியும் காலைச் சுற்றிக்கொள்கின்றன. அந்தத் தண்ணீரைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. நம் தாகம் தீர்க்கும் ஆற்றில் கழிவைச் சேர்த்துவிட்டுப் பாவத்தைத் தொலைத்தோம் என்று எண்ணுவது என் மனத்துக்கு ஒப்பவில்லை. துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து, தேவைப்படுபவருக்குக் கொடுங்கள்.

பங்குனி உத்திரம் இன்னொரு நல்ல வாய்ப்பு. எந்த ஊரில் பிழைத்தாலும் நம் நெல்லைச் சீமைக்காரர்கள் அன்று தங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலைத் தேடி வந்துவிடுகிறார்கள். அங்கே பங்காளிகள் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் பொங்கல் வைத்துக்கொண்டு, வரப்புத் தகராறுக்காக முகம் பார்க்காமல் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பொங்கல் இறங்கியதும், முதல் கரண்டியை ஓர் இலையில் வைத்து அந்த அடுப்புக்கு நீங்களே கொண்டுபோங்கள். அவர் வாங்கிக்கொள்ளாமல் போகலாம். அடுத்த வருடமும் கொண்டுபோங்கள்.

நாள் தவறுவதும் உண்டு. நோய், மரணம், கடன் என்று வீட்டுக்குள் வெள்ளம் புகும்போது வாரக்கணக்கில் விளக்கு ஏறாமல் கிடக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் குறுக்குத்துறைக் கோயிலும் மூழ்கியது. தண்ணீர் வடிந்த பின் சகதியை அள்ளிக் கழுவிவிட்டுத்தான் மறுபடி பூசை நடந்தது. அதுபோலவே, விட்டுப்போன நாட்களை எண்ணிக் குமைந்துகொண்டிருக்காமல், பிசுக்கேறிய விளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, வெயிலில் காயவைத்து, அன்று சாயங்காலமே புதுத் திரி போடுங்கள்.